வானதி முறை

அறிவழகன் விடிவதற்கு முன் எழுந்தான். கொல்லைக் கதவைத் திறந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்து, பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். கூத்தாநல்லூர்க் கடையில் வாங்கிவந்த மாவை இட்லித் தட்டில் ஊற்றினான். இட்லி வேகும் நேரத்தில் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தான். கோலம் போடவில்லை. மகள் கவிநயாவை எழுப்பினான். அவள் எழுந்து குளிக்கப் போனாள். இட்லிக்கு அவள் சர்க்கரை தொட்டுக்கொண்டாள், அவன் பொடி தொட்டுக்கொண்டான். பிறகு அவளைத் தரையில் உட்காரவைத்துத் தலை சீவினான். இரண்டு சடை போட்டு மடித்துக் கட்ட வேண்டும், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான். இடது சடை எப்போதும் தளர்ந்துவிடும். ரிப்பனை மட்டும் இறுக்கிக் கட்டிவிட்டு எழுந்துகொண்டான்.

ஒரு வருடமாக இதுதான் காலை.

சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது இரண்டு சடையும் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்கும். யாரோ அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னியிருக்கிறார்கள். தலையில் இருப்பது இந்த வீட்டு எண்ணெய் வாசனையும் இல்லை. யார் என்று அவன் கேட்டதில்லை. மனதில் குறித்து வைத்துக்கொண்டான்.

கவிநயாவுக்கு ஒன்பது வயது. நெடுங்கரை ஊராட்சிப் பள்ளியில் நாலாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வர மாட்டாள். ரேஷன் கடைக்குப் பின்னால் ஊர்ப்புற நூலகம் என்று எழுதிய, புத்தகமே இல்லாத கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் சாவி மகளிர் குழுவிடம். ஊர்ப் பிள்ளைகள் இருட்டும்வரை அங்கே உட்கார்ந்து படித்தார்கள். குழுப் பெண் ஒருத்தி துணைக்கு இருப்பாள். அவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். இது என்ன படிப்பு என்று ஆரம்பத்திலேயே அவன் தன் மனைவி வானதியிடம் கேட்டிருக்கிறான். "நீங்க பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதானே. நீங்க வந்து சொல்லிக்குடுங்களேன், யாரு வேணாங்குறா" என்றாள். அவன் போகவில்லை. கூத்தாநல்லூரில் ஜாஃபர் சாதிக் பாயின் உரக்கடையில் அவனுக்கு வேலை. கடை மூட ராத்திரியாகிவிடும் என்று சொன்னான்.

வானதி போன வருடம் புரட்டாசியில் செத்துப்போனாள். வடக்கு வயல்வெளியில் யாரோ ஒருவர் வயலில் குழுப் பெண்களோடு நடவு நட்டுக்கொண்டிருந்தபோது இடி விழுந்தது. குனிந்த வாக்கிலேயே சேற்றில் விழுந்தாள். மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உயிர் போகும்போது அவள், "எம்புள்ளைய நல்லா படிக்க வச்சிருங்க" என்று குழுப் பெண்களிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். கருமாதிக்கு வந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அறிவழகனுக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். விழுந்த மாத்திரத்தில் போயிருக்கும் தம்பி, வலிகூடத் தெரிந்திருக்காது. ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அவன் மனதில் நின்றது வேறு. விழுந்த மாத்திரத்தில் போனவள் எப்போது பேசினாள்?

அதை அவன் யாரிடமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து குழு என்றாலே அவனுக்கு ஆகவில்லை.

பக்கத்து வீடு அண்ணன் வீடு. அண்ணன் சிங்கப்பூரில். அன்று காலை அண்ணி ராஜாத்தி வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் நின்று முருங்கைக் கிளையை ஒடித்துக்கொண்டிருந்தாள். கவிநயா பள்ளிக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?"

"சொல்லுங்க அண்ணி."

"அந்த அருள்மேரி இருக்காள்ல, மாதா கோயில் தெரு. நேத்து லைப்ரரி பக்கம் போனேன். ஒங்க மவளை மடியில சாச்சு வச்சுக்கிட்டு, தலையில கைய வச்சு என்னமோ முணுமுணுன்னு ஓதுறா. என்னையப் பாத்ததும் கப்புன்னு நிறுத்திட்டா."

"என்ன ஓதுனாங்க?"

"எனக்கென்ன தெரியும்? காதுல விழுற மாதிரியா ஓதுவாங்க? இன்னைக்குத் தலையில கைய வப்பா, நாளைக்குக் கழுத்துல செயினு தொங்கும். அப்பறம் நம்ம குலதெய்வத்துக்குப் பொங்க வைக்க ஆளு இருக்காது."

"சரி அண்ணி."

"என்ன சரி? எப்பப் போனாலும் அவதான் உக்காந்துருக்கா. மத்தவளுக்கெல்லாம் என்ன கேடு? அவளுக்கு ரெண்டும் ஆம்பளப் புள்ள. பொம்பளப் புள்ள ஆசை. எனக்கென்னமோ சரியாப் படல, அம்புட்டுத்தான்."

அவன் வண்டியை எடுத்தான். அண்ணி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மீதிப் பாதியை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனான். எப்பப் போனாலும் அவள்தான். அது உண்மை. போகிற வழியில் அவனும் பார்த்திருக்கிறான். இன்னொன்றும் பார்த்திருக்கிறான். அருள்மேரி அவன் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். தெருவில் எதிரே வந்தால் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கடையில் யூரியா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜாஃபர் சாதிக் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டார்.

"அறிவு, இது ஒங்க பாப்பாதானே?"

யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ. ஒன்றிய அளவில் நல்ல குழு என்று நெடுங்கரைக் குழுவுக்குக் கேடயம் கொடுத்த விழா. மேடையில் கவிநயா நின்றாள். மைக் அவளுக்கு எட்டவில்லை. குழுத் தலைவி செந்தாமரை அதை வளைத்துப் பிடித்துக்கொண்டாள். கவிநயா கையை நெஞ்சில் வைத்துச் சொன்னாள். "எங்கம்மா சாகும்போது கடைசியா என்ன சொன்னாங்க தெரியுமா? எம்புள்ளைய நல்லா படிக்க வச்சிருங்கன்னு சொன்னாங்க. நான் படிச்சுக்கிட்டிருக்கேன் அம்மா!" கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள்.

பாட்டுப் போட்டிக்கு அழைத்துப் போகிறோம் என்றுதான் செந்தாமரை அவனிடம் சொல்லியிருந்தாள்.

"மாஷா அல்லாஹ், என்னமாப் பேசுது" என்றார் ஜாஃபர் சாதிக்.

அறிவழகன் மூட்டை இறக்கப் போனான். மதியம் மன்னார்குடிக்குப் போன் போட்டான். அங்கே இருக்கும் அக்கா ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பிள்ளையை என்னிடம் விடு, இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிறேன் என்று. இவன் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். இன்று, "சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிரு அக்கா" என்றான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கவிநயாவிடம் சொன்னான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நான் போக மாட்டேன்ப்பா."

"ஏன்? அத்தை வீட்ல ஏசி இருக்கு. குளத்துப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம் இருக்கு."

"அம்மா படிக்கச் சொன்னிச்சுல்ல."

"அங்கயும் படிக்கலாம்."

"அம்மா மேரியத்தைகிட்டதான் சொன்னிச்சு. நான் போயிட்டா மேரியத்தை எப்புடி என்னையப் படிக்க வைக்கும்? அம்மா சொன்னது பொய்யாப் போயிரும்ல?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். செத்தவளின் பேரைச் சொல்லிப் பிள்ளையை ஒரு கயிற்றில் கட்டி, மறுமுனையைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்று பட்டது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. கேடயத்துக்கா, வேறு எதற்காவதா.

வெள்ளிக்கிழமை அவன் வயலில் நடவு. வாய்க்காலை ஒட்டி அஞ்சு மா நிலம். நடவு மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தான். அது வேறொரு வயல்வெளியில் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் செந்தாமரையிடம் போய்ச் சொன்னான். நெடுங்கரையில் நடவுக் கூட்டம் என்று தனியாக ஒன்று இல்லை. குழுதான் நடவுக் கூட்டம். மொத்தமாகப் பேசிக்கொண்டு இறங்குவார்கள், வந்ததைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள்.

காலையில் வேறொரு வயலை முடித்துவிட்டு, மதியம் சாப்பிட்ட கையோடு அவன் வயலில் இறங்கினார்கள். வெயில் எரித்தது. சேற்றுத் தண்ணீர் காலுக்குச் சுட்டது. நாற்று முடிகளை அவன் வரப்பிலிருந்து வீசிக்கொண்டே வந்தான். பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். மேற்கே வானம் லேசாகக் கறுத்திருந்தது. யாராவது ஒருத்தி நிமிர்ந்து அதைப் பார்ப்பாள். பிறகு இன்னொருத்தி. முன்பெல்லாம் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அருள்மேரி கையைக் கழுவிக்கொண்டு கரையேறினாள். அவனைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள். அவன் டீ வாங்கப் புறப்பட்டவன் நின்றான்.

"எங்க போறாங்க அவங்க? நடவு பாதிகூட முடியலயே."

"புள்ள முறை தம்பி" என்றாள் செந்தாமரை, நிமிராமல். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். குரல் மட்டும் வெளி முழுக்கக் கேட்கும். "தண்ணிக்கு முறை வைக்கிறோம்ல, அது மாதிரி புள்ளைவளுக்கு முறை. சாயங்காலமானா ஒரு ஆளு கரையேறிரும். அது நட்டுக்கிட்டிருந்த நெரைய ரெண்டு பக்கத்தாளும் பகுந்து நட்டுக்குவோம். பங்குல குறைக்க மாட்டோம். ஒங்க நடவும் குறையாது, பயப்படாதீங்க."

"எல்லாரும் மாத்தி மாத்திப் போவீங்களா?"

"பின்ன?"

"அப்ப எப்பப் பாத்தாலும் அவங்களே உக்காந்துருக்காங்க?"

செந்தாமரை அடுத்த நாற்று முடியை எடுத்துப் பிரித்தாள். வேறு ஒருத்தி, "டீ வருதா வரலயா, நாக்கு வறளுது" என்றாள். அவன் போனான்.

கேனில் டீயும் தாளில் போண்டாவும் வாங்கி வந்தான். பெண்கள் வரப்பில் உட்கார்ந்தார்கள். மேற்கே கறுப்பு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"என்ன சார், டீ ஒரு மாதிரி இருக்கு. உரக்கடையிலேருந்து ஏதாச்சும் கலந்துட்டீங்களா?" என்றாள் ஒருத்தி.

"ஏன்டி, ஒனக்கும் பயிரு மாதிரி தூரு வெடிச்சுப் பருக்கட்டுமேன்னு கலந்துருப்பாரு."

"இதுக்கு மேல வெடிச்சா எம்புருசன் வாசல்ல கெடக்க வேண்டியதுதான். கட்டில்ல எடமில்ல."

சிரித்தார்கள். அவன் இருப்பது நினைவுக்கு வந்து சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்கள். ஒரு வருடமாக அவனைச் சுற்றி எல்லாச் சிரிப்பும் பாதியில்தான் நின்றது.

வரிசையில் இளையவள் ஃபெபி. போன மாசிதான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். டீ குடிக்காமல் தம்ளரை நெற்றியில் வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, எனக்குக் காய்ச்ச அடிக்குது. நான் போய்ப் புள்ளைவகிட்ட உக்காந்துக்குறேன். மேரியக்காவ வரச் சொல்லிரவா?"

"முறை மாத்துறது கெடயாது" என்றாள் செந்தாமரை. "முடியலன்னா வீட்டுக்குப் போயிப் படு."

"என்னக்கா நீங்க. இன்னைக்கு மேரியக்கா முறையா என்ன? வானதியக்கா முறைதானே. அதுல நான் உக்காந்தா என்ன குடி முழுகிரும்? மேரியக்காதான் உக்காரணும்னு கல்லுல வெட்டியா வச்சிருக்கு?"

"வாயக் கழுவிட்டு நடு போ."

"மாத்திக்கிட்டா என்னக்கா?"

"மாத்துனது போதும்டி! போன வருசம் மாத்துனதே போதும், ஏழேழு சென்மத்துக்கும்."

சொல்லிவிட்டு செந்தாமரை போண்டாத் தாளைக் கசக்கினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஃபெபி ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் அறிவழகனைப் பார்த்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"வானதி முறைன்னா என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல தம்பி. அவ இருந்தப்ப எந்த நாளு அவ உக்காருவாளோ, அந்த நாள அவ பேரு சொல்லியே வச்சிருக்கோம். பேரு எடுக்க யாருக்கும் மனசு வரல."

"போன வருசம் யாரு முறைய யாரு மாத்துனா?"

"மழை வருது. எந்திரிங்கடி, ஒரு பத்தியாவது முடிப்போம்."

"அக்கா." அவன் குரலை உயர்த்தவில்லை. "இடி விழுந்தா ஆளு பேசாது. டாக்டர் சொன்னாரு. அன்னைக்கே எனக்குத் தெரியும். அவ பேசுனான்னு நீங்கள்லாம் சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். எம்புள்ளைய மேடையில ஏத்திச் சொல்ல வச்சீங்க, அதையும் பாத்தேன். நாளைக்கு எங்கக்கா வருது, புள்ளைய மன்னார்குடிக்கு அனுப்பிருவேன். போறதுக்கு முன்னாடி கேக்குறேன். எதுக்கு இந்தப் பொய்யி?"

செந்தாமரை இடுப்பில் செருகியிருந்த சேலையை இழுத்துவிட்டாள். மறுபடி செருகினாள். அவ்வளவு பெரிய குரல் இப்போது அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

"மேடையில ஏத்துனது என் தப்புத்தான். ஆசப்பட்டுட்டேன். ஒங்ககிட்ட சொல்லாம செஞ்சது அதைவிடத் தப்பு. மிச்சத்த மேரிகிட்ட கேளுங்க. அவ சொல்லாம நாங்க சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்."

மேற்கே எங்கோ தொலைவில் உறுமியது. செந்தாமரை திரும்பி, "கரையேறு! எல்லாம் கரையேறு! நாத்து கெடந்தா கெடக்குது" என்று கத்தினாள். பெண்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். அவன் வரப்போடு நடந்தான்.

நூலகத்தை அடைவதற்குள் பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்துவிட்டது. கதவு திறந்திருந்தது. அவன் உள்ளே போகாமல் சன்னல் பக்கம் நின்றான். இத்தனை நாளில் இங்கே வந்து நின்றதில்லை.

பிள்ளைகள் தரையில் கும்பல் கும்பலாக உட்கார்ந்து சத்தமாகப் படித்தார்கள். நடுவில் அருள்மேரி. சேற்றுக் கால் இன்னும் காயவில்லை. முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே கவிநயா அறிவியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள்.

"இலையிலதான் அத்த சமைக்கும். மரம் தனக்குத் தானே சமைச்சுக்கும்."

"சட்டியில்லாம எப்புடிடி சமைக்கும்?"

"ஐயோ! வெயிலு இருக்குல்ல. வெயிலு, தண்ணி, காத்து. மூணையும் வச்சு."

"அப்ப ராத்திரியில பட்டினியா?"

கவிநயா யோசித்தாள். "இரு, பாக்குறேன்" என்று புத்தகத்தைத் திருப்பினாள். "அது போடல அத்த. சாரைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"கேட்டுட்டு வா. எனக்குப் புரியுற வரைக்கும் நீ படிச்சது கணக்குல சேராது."

இந்த ஊர்ப் பிள்ளைகள் இப்போதெல்லாம் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கிறார்கள் என்று பள்ளித் தலைமையாசிரியர் ஒருமுறை கடைக்கு வந்தபோது சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்று அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அருள்மேரி சன்னலைப் பார்த்தாள். முறத்தை ஒதுக்கிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். சன்ஷேடுக்குக் கீழே இரண்டு பேரும் நின்றார்கள். மழை வலுத்தது. அவள் வழக்கம்போல வாய்க்கால் பக்கம் பார்த்தாள்.

"மேரியக்கா, அன்னைக்கு யாரு முறை?"

"செந்தாமரை சொல்லிட்டாளா?"

"யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க."

கீரைக் காம்பு ஒன்று அவள் சேலையில் ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் போட்டாள்.

"வானதி முறைதான் தம்பி. அவதான் கரையேறியிருக்கணும். நான் வயல்ல நிக்க வேண்டியவ. நான் இருந்துருக்க வேண்டிய எடத்துல அவ நின்னா."

"நீங்க கேட்டீங்களா மாத்தச் சொல்லி?"

"இல்ல. அவதான் என்னையப் போகச் சொன்னா. ஆனா நான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. சேத்துல நின்னு நின்னு எனக்கும் காலு கடுத்துச்சு. சரின்னு ஏறிட்டேன். ரோட்டுக்கு வந்தேன், கண்ணு கூசுற மாதிரி வெளிச்சம். அப்பறம் சத்தம். திரும்பிப் பாக்குறேன், அவளுவ எல்லாம் வாயில அடிச்சுக்கிட்டு ஓடுறாளுவ. பள்ளிக்கூடம் விட்டுப் புள்ளைவ வருது. ஒங்க மவதான் முன்னால. எங்க பாத்துரப்போகுதுன்னு முந்தானையால மூஞ்சிய மூடிக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன்."

அறிவழகன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"தூக்கிட்டுப் போனப்பறம் என் கையப் புடிச்சுக்கிட்டு கேக்குது. அம்மா என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னிச்சா அத்தன்னு. நான் என்னத்தச் சொல்லுவேன்? நல்லா படிக்கச் சொன்னாடின்னேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். ரெண்டு நாள்ல ஊரே அதப் புடிச்சுக்கிச்சு. அப்பறம் எங்கேருந்து இல்லேன்னு சொல்றது? மேடைக்கு வேணாம்னு செந்தாமரைகிட்ட சண்டை போட்டேன். கேக்கல அவ."

"அதுக்குத்தான் அவ முறையையும் நீங்களே உக்காருறீங்களா?"

"வேற யாரு உக்காருவா தம்பி?"

மழைச் சாரல் இரண்டு பேர் காலையும் நனைத்தது. கேட்க வேண்டாம் என்று நினைத்தும் அவன் கேட்டான்.

"புள்ள தலையில கைய வச்சு என்னமோ ஓதுறீங்களாமே."

அருள்மேரி முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். வாய் கோணி, சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"ஒங்க அண்ணி சொன்னாளா? பேனு தம்பி. பேன் எடுக்குறேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே எடுத்தாத்தான் அது ஆடாம உக்காரும். தலை நெறைய வச்சிருக்கு. நீங்க காலையில கட்டிவிடுறது மத்தியானமே அவுந்து தொங்குது, சிக்கு, ஈரு. ஒங்க அண்ணி வந்ததும் நிறுத்திட்டேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா மொட்டை போட்டுருவாரு, யாருகிட்டயும் சொல்லாத அத்தன்னு சத்தியம் வாங்கிருக்கு."

சட்டைப் பையில் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, புள்ள துணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா? மாமா காருக்குச் சொல்லிட்டாங்க. காலையிலயே வந்துருவோம்."

"வர வேணாம்க்கா."

"என்னடா, என்னாச்சு?"

"புள்ளைக்குத் தலையெல்லாம் பேனு."

"அட இவனே, பேனுக்கா வர வேணாங்குற? இங்க வந்து நான் எடுத்துக்க மாட்டனா?"

"இங்க எடுக்குறாங்கக்கா. இருக்கட்டும். இங்கயே படிக்கட்டும்."

"திருப்பியும் மாத்திப் பேசுறியா? அவளுவ என்னமோ சொல்லி மயக்கிருக்காளுவ ஒன்னைய."

"நாளைக்குப் பேசுறேன்க்கா" என்று போனைப் பையில் போட்டான். அருள்மேரி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது, விழாத மாதிரி நின்றாள்.

"அடுத்த தடவ வானதி முறை வர்றப்ப நான் வந்து உக்காருறேன்" என்றான். "கடையில சொல்லிக்கிறேன்."

"ஆம்பள உக்காந்தா புள்ளைவ வாயத் தொறக்காது."

"எனக்கும் ஒண்ணும் புரியாதுன்னு சொல்லிக்கிறேன்."

"அத அதுவ நம்பணும்ல" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உள்ளே யாரோ ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஓவென்று கத்தினார்கள். அதில் கவிநயா குரல் தனியாகக் கேட்டது. அவன் போவதற்குத் திரும்பியவன் மறுபடி நின்றான்.

"அவ ஏன் ஒங்களப் போகச் சொன்னா?"

"வேணாம் தம்பி. விட்டுருங்க."

"அவ கடைசியாப் பேசுனது ஒங்ககிட்டதானே?"

"எங்கிட்டதான். செந்தாமரை அவளுக்கு அடுத்த நெரை. கேட்டுட்டேன். நான் ஏறுனப்பறம் அவ ஒரு வார்த்த பேசலயாம். குனிஞ்சது குனிஞ்சபடியே நட்டுக்கிட்டு இருந்தாளாம்."

"அப்பச் சொல்லுங்க. நல்லதா எதையும் கட்டிச் சொல்லாதீங்க. எனக்கு அது வேணாம்."

"இதக் கேட்டா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"இருக்கட்டும்."

"புள்ளகிட்ட சொல்லிருவீங்களா?"

"இப்ப இல்ல. அதுக்கு ஒரு புள்ள பொறந்து வளரட்டும். அன்னைக்குச் சொல்லுவேன். அதுக்கும் அப்பப் புரியும்."

அருள்மேரி கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, சேற்றில் நின்றுகொண்டு கரையில் இருப்பவளிடம் சொல்வதுபோல, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். குரல்கூட அவள் குரலாக இல்லை.

"'நீங்க போய் உக்காருங்கக்கா. காலையில அதோட மாரடிச்சே எனக்கு அலுத்துப்போச்சு. எம்மவ இல்லாத எடத்துல நான் இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதியா நின்னுக்குறேன்.'"